அயோத்தியை வரைந்த ஜப்பானியர்

(குரங்கணியில் கலையன்பர்களும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வூரின் பெயரைப் பிரித்துப் பார்த்தால் குரங்கு என்றும் அணி என்றும் இரண்டு சொற்கள் நம் கைக்குக் கிடைக்கின்றன. பெயர் வந்த வரலாற்றை ஊர்ப் பெரியவர்களிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் வானர சேனையை வரைந்து, வண்ணம் தீட்டி, அசையவைத்து, உலகத்தின் கண்முன் நிறுத்திய ஒரு கலைஞரைப் பற்றிப் பேச வந்தவனுக்கு, பின்னால் மலையும் முன்னால் மக்களும் சோலையிலிருந்து எட்டிப் பார்க்கும் மந்திகளுமாக அமைந்திருக்கும் இந்த இடத்தைவிடப் பொருத்தமான மண்டபம் வேறு எங்கே வாய்க்கப்போகிறது?

நான் பேச எடுத்துக்கொண்ட மனிதர் யூகோ சாகோ. 1928-ஆம் ஆண்டில் ஜப்பானில் பிறந்தவர், ஆவணப்படங்கள் எடுத்தவர், ஐம்பது வயதைக் கடந்த பிறகு இராமகாதையின்மேல் காதல் கொண்டு, அதைச் சலனச் சித்திரமாக்கியே தீருவது என்று சங்கற்பம் செய்துகொண்டு, பத்தாண்டு காலம் அந்த ஒரே பிரயத்தனத்தில் நின்றவர். 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்பது அவருடைய படத்தின் பெயர். அயல் நாட்டார் ஒருவர் நம்முடைய காவியத்தைப் படமாக்கினார் என்று வியந்துவிட்டுப் போவதற்காக இன்று நாம் கூடவில்லை. பிறர் போற்றும் பொருளை நாம் எடுத்தாளும்போது அதற்கு எவ்வாறு மரியாதை செய்வது என்ற கேள்விக்கு அவருடைய வாழ்வும் வேலைமுறையும் விடை சொல்லுகின்றன. அந்த விடை நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று நான் மனமார நம்புகிறேன்.

முதலில் இந்தக் கலை இன்னதென்பதைச் சிறிது விளக்கிக்கொள்வோம். நூறாண்டுகளுக்கு முன்னே, மூணாறு மலைத் தோட்டங்களில் விளைந்த தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரையில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி இந்த அடிவாரத்துக்கு இறங்கிற்று என்பது உங்களில் பலருக்குப் பாட்டன்மார் சொல்லிக் கேட்ட செய்தியாக இருக்கும். 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. கம்பிவடத்தில் பெட்டிக்குப் பின் பெட்டியாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இறங்கிய அந்தக் காட்சியை மனத்தில் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சித்திரம் இருப்பதாகவும், முன்பெட்டிச் சித்திரத்திலிருந்து பின்பெட்டிச் சித்திரம் ஒரு மயிரிழை மாறியிருப்பதாகவும், ஒரு வினாடிக்குள் இருபத்துநான்கு பெட்டிகள் உங்கள் கண்ணைக் கடந்து போவதாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். சித்திரம் அப்போது உயிர் பெற்று நடக்கும். அதுவே சலனச் சித்திரம்.

சாகோவின் படம் 135 நிமிஷம் ஓடுகிறது. வினாடிக்கு 24 கட்டம் என்று கணக்கிட்டால் 1,94,400 கட்டங்கள் வருகின்றன. ஒரே சித்திரத்தை இரண்டு மூன்று கட்டங்களுக்கு நிறுத்திவைக்கும் முறை உண்டாகையால் அத்தனை சித்திரம் வேண்டியதில்லை. எனினும் ஒரே காட்சியில் வரும் பாத்திரங்களைத் தனித்தனித் தாள்களில் வரையவேண்டியிருப்பதால் வேலை மறுபடியும் பெருகிவிடுகிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் சித்திரத் தாள்கள் கையாலேயே தீட்டப்பட்டன என்றும், சுமார் 450 கலைஞர்கள் அதில் உழைத்தார்கள் என்றும் அறியும்போது, இது ஒரு படம் எடுத்த வேலையா, கோபுரம் எழுப்பிய வேலையா என்று திகைக்கத் தோன்றுகிறது.

அன்பர்களே, அசையும் சித்திரத்தில் இராமகாதை பார்ப்பது நமக்குப் புதிதன்று. என் இளம்பிராயத்தில், திருவிழா முடிந்த ஊர்ப் பொட்டலில் வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டி, அதன் பின்னே விளக்கை வைத்து, ஆட்டுத்தோலில் வெட்டி நிறம் ஏற்றிய பாவைகளை அசைத்துக் கூத்து நடத்துவார்கள். பத்து இரவு கதை நடக்கும். பத்துத் தலை இராவணன் திரையை நெருங்க நெருங்கச் சிறியவனாகித் தெளிவடைவதும், விளக்கை நோக்கி விலக விலகப் பெரியவனாகி மங்குவதும் கண்டு, தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்ட பிள்ளைகளில் நானும் ஒருவன். போர்க்களத்தின் நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிக்கவைத்துவிட்டுப் போவார்கள். மலைக்கு அப்பால், பாலக்காட்டுப் பகுதியில், பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், கம்பனுடைய தமிழ்ப் பாட்டைச் சொல்லித் தோற்பாவை ஆட்டும் மரபு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஆகவே ஜப்பானியர் ஒருவர் இராமனைச் சித்திரமாக அசைத்தபோது, நம் பொட்டலில் ஆடிய அந்தத் திரையின் தூரத்து உறவு ஒன்றுதான் நம்மிடம் திரும்பி வந்தது என்றே நான் கொள்ளுகிறேன்.

ஜப்பானுக்கும் இராமகதை முற்றும் அந்நியமன்று. பௌத்த சமயத்தோடு சீனம் சென்ற நம் ஜாதகக் கதைகள் கடல் கடந்து அந்தத் தீவுகளையும் அடைந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே எழுந்த ஹோபுத்ஸுஷூ என்னும் கதைத் திரட்டில், இராமகதையின் சாயலுடைய ஓர் அரசனின் சரிதம் இடம்பெற்றிருக்கிறது. நம் காலத்திலும், ஜப்பானியச் சித்திரக்கதையின் பிதாமகராகக் கருதப்படும் ஒசாமு தெசுகா, புத்தர்பிரானின் சரித்திரத்தை 1972 முதல் 1983 வரையில் வரைந்து வெளியிட்டார். பாரத நாட்டுப் பொருளை உளம் தோய்ந்து வரைவதற்கு அந்நாட்டில் சாகோவுக்கு முன்பே ஒரு பாதை இருந்தது.

அந்நாட்டுச் சலனச் சித்திரத்தின் இயல்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1958-இல் டோயி ஸ்தாபனத்தார் வெள்ளைப் பாம்பின் கதையை முழுநீள வண்ணப்படமாக வெளியிட்டார்கள். 1963-இல் தெசுகா வாரந்தோறும் தொலைக்காட்சியில் வரும் தொடராகத் தம் இயந்திரச் சிறுவனைக் கொண்டுவந்தார். வாரம் ஒரு கதை முடிக்கவேண்டிய நெருக்கடியில் சித்திரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். முகம் அசையாமல் நிற்கும். கண் மட்டும் இமைக்கும். மரக்கிளை மட்டும் காற்றில் ஆடும். பணமுடையால் பிறந்த இந்த நிச்சலனத்தையே அவர்கள் ஒரு கலையழகாக மாற்றிக்கொண்டார்கள். பிற்காலத்தில் 1985-இல் எழுந்த ஜிப்லி சித்திரசாலையின் முதல்வர்களில் ஒருவரான ஹயாவோ மியாசாகி, இரு கைகளையும் தட்டிக் காட்டி, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே உள்ள வெறுமையை 'மா' என்று தம் மொழியில் சொல்லுவதாகவும், அந்த வெறுமை இல்லாத படம் வெறும் பரபரப்பாக முடியும் என்றும் ஒரு சமயம் விளக்கினார். தாளத்தில் தட்டும் உண்டு, வீச்சும் உண்டு என்று அறிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இராது.

இனி சாகோவின் கதைக்கு வருகிறேன். 1983-ஆம் ஆண்டில், தொல்பொருள் அறிஞர் பி. பி. லால் அலகாபாத்துக்கு அருகே நடத்திய அகழ்வாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்கச் சாகோ இந்தியா வந்தார். இராமாயணத்தில் வரும் இடங்களை மண்ணுக்குள்ளிருந்து தேடிய முயற்சி அது. தோண்டியெடுத்த ஓட்டையும் செங்கல்லையும் படம் பிடிக்க வந்தவரை, அந்தச் செங்கல்லின்மேல் ஆயிரமாண்டுகளாக ஒரு ஜனசமூகம் ஏற்றிவைத்திருக்கும் கதை பற்றிக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த இராமாயண வடிவங்கள் பத்தைத் தேடிப் படித்தார். படித்து முடித்தபோது, இக்காவியத்தை நடிகர்களை வைத்து எடுப்பதைவிடச் சித்திரத்தில் எடுப்பதே தக்கது என்ற முடிவுக்கு வந்தார். இராமன் தெய்வம் என்பதே அதற்கு அவர் கருதிய காரணம். அதை நான் இவ்வாறு புரிந்துகொள்ளுகிறேன்: தெய்வத்தின் முகத்தை ஒரு நடிகரின் முகத்தில் காட்டினால், அந்த நடிகரின் பிற வேஷங்களும் வாழ்க்கையும் அதனோடு ஒட்டிக்கொள்ளும், தூரிகையில் பிறந்த முகத்துக்கோ அந்தப் படத்துக்கு வெளியே வாழ்வில்லை. நம் சிற்பிகள் மூலவரின் முகத்தை எந்த மனிதரின் முகத்தையும் பார்த்துச் செதுக்குவதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அவர் கண்ட வழி கல்லும் முள்ளுமாக இருந்தது. அவருடைய ஆவணப்படத்தைக் குறித்து இங்கே வந்த பத்திரிகைச் செய்தி ஒன்று தவறான எண்ணத்தை உண்டாக்க, இராமாயணம் எங்கள் தேசத்தின் சொத்து, அந்நியர் தம் இஷ்டப்படி அதைப் படமாக்கக்கூடாது என்று விசுவ ஹிந்து பரிஷத்தார் தில்லியிலிருந்த ஜப்பானியத் தூதரகத்துக்கு ஆட்சேபக் கடிதம் அனுப்பினார்கள். சாகோ கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. ஆட்சேபித்தவர்களிடமே சென்று தம் கருத்தை விளக்கி, மனக்கசப்பை நீக்கிக்கொண்டார். அடுத்தாற்போல் இந்திய அரசோடு கூட்டாகப் படம் எடுக்க முயன்றார். முதலில் இணக்கம் தோன்றி, பின்னர் மறுப்பு வந்தது. இராமாயணம் மிகவும் நுண்ணிய விஷயம், அதைக் கார்ட்டூனாகக் காட்டுவது தகாது என்பது சொல்லப்பட்ட காரணம். அயோத்தியைப் பற்றிய பிணக்கு நாடெங்கும் மூண்டெழுந்த காலம் அது.

இங்கே ஒரு சொல்லின் கொடுமையைக் கவனிக்கவேண்டும். பத்திரிகையில் மந்திரிகளைக் கிண்டல் செய்து வரையும் கேலிச்சித்திரத்துக்கும் கார்ட்டூன் என்றே பெயர். அசையும் சித்திரத்துக்கும் நம்மவர் வாயில் கார்ட்டூன் என்றே பெயர். இரண்டு வெவ்வேறு கலைகள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றதால், சித்திரத்தில் இராமன் வருவான் என்றவுடன், இராமனைக் கேலி செய்வார்கள் என்று பலர் அஞ்சிவிட்டார்கள். ஜப்பானில் சலனச் சித்திரம் பெரியவர்களும் சிரத்தையோடு பார்க்கும் காம்பீரியமான கலை என்று சாகோ எடுத்துரைத்தார். சொல்லி விளங்கவைக்க முடியாததைச் செய்து காட்டி விளங்கவைப்பதென்று முடிவு செய்து, படவேலையை டோக்கியோவில் 1990-இல் தொடங்கினார். அதற்கென்றே நிப்பான் ராமாயணா பிலிம் கம்பெனி என்ற நிறுவனம் அமைந்தது.

இந்தியாவின் துணை அவருக்கு வேறொரு வடிவில் கிடைத்தது. அந்தத் துணையின் பெயர் ராம் மோகன். 1931-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கற்றுக்கொண்டிருந்தவர். இரசாயனத்தைவிடச் சித்திரமே தம்மை இழுக்கக் கண்டு, 1956-இல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். வால்ட் டிஸ்னியிடம் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் என்னும் ஆசான், நம் இளைஞர்களுக்குப் பயிற்சியளிக்க அந்த ஆண்டில்தான் அங்கே வந்திருந்தார். வீக்ஸ் இந்தியாவில் பிறந்த அமெரிக்கர். குருவும் சிஷ்யர்களுமாகச் சேர்ந்து 1957-இல் 'பேன்யன் டீர்' என்ற படத்தைச் செய்தார்கள். புத்தர்பிரான் மானாகப் பிறந்த ஜாதகக் கதையை அஜந்தா ஓவியங்களின் சாயலில் அசையவைத்த முயற்சி அது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1947-இல், நம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் 'சினிமா கதம்பம்' என்ற சலனச் சித்திரம் தயாராகியிருந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ராம் மோகன் பின்னாளில் பிரசாத் நிறுவனத்தின் சித்திரப் பிரிவுக்குத் தலைவரானார். 1972-இல் சொந்தமாகச் சித்திரசாலை தொடங்கினார். சத்யஜித் ராய் 1977-இல் எடுத்த 'சத்ரஞ்ச் கே கிலாடி' படத்துக்குள் வரும் சலனச் சித்திரப் பகுதியைச் செய்து கொடுத்தார். பெண்குழந்தைகளின் கல்விக்காகவும் நலத்துக்காகவும் யூனிசெப் ஸ்தாபனத்தாரோடு அவர் உருவாக்கிய மீனா என்ற சிறுமி, தெற்காசியா முழுவதிலும் பள்ளிப் பிள்ளைகளின் தோழியானாள்.

இந்த ராம் மோகனும், யூகோ சாகோவும், கோயிச்சி சசாகி என்ற ஜப்பானிய இயக்குநரும் சேர்ந்து இராமாயணப் படத்தை நெறிப்படுத்தினார்கள். மூவர் பெயரும் இயக்குநர் என்றே படத்தில் நிற்கின்றன. ஒரு கலைப்படைப்பில் தம் பெயரைத் தனியே பொறித்துக்கொள்ளும் ஆசை எத்தனை பெரியதென்பதைக் கலைஞர்கள் அறிவார்கள். பத்தாண்டு சுமந்த கனவில் இன்னும் இருவருக்குச் சரியாசனம் தந்த சாகோவின் பெருந்தன்மையை நான் அவருடைய சித்திரத் திறமைக்கு மேலாகவே மதிக்கிறேன்.

இனி, அந்தச் சித்திரசாலையின் மேஜைக்கு அருகில் உங்களை அழைத்துச் செல்லுகிறேன். தேர்ந்த கையுடைய ஜப்பானியக் கலைஞர் ஒருவர் இராமனின் இடையில் வேட்டியை வரையவேண்டும். அவர் அறிந்த ஆடை கிமோனோ. தைத்த தையலும், கட்டிய கச்சும், மடங்கும் இடம் முன்கூட்டியே தீர்மானமான மடிப்பும் உடையது. வேட்டியிலோ தையலே இல்லை. ஒற்றைத் துணி, இடுப்பில் சுற்றியதும், கொசுவி மடித்ததும், செருகியதுமாகிய அந்த மூன்று செயல்களே அதை ஆடையாக்குகின்றன. அதை உடுத்தவன் நிற்கும்போது மடிப்பு ஒருவிதமாகத் தொங்கும். படியேறும்போது வேறுவிதமாக விரியும். ஓடும்போது காற்று உட்புகுந்து இன்னொருவிதமாகப் புடைக்கும். வில்லை வளைக்கக் காலை அகற்றி நின்றால் மடிப்புகளெல்லாம் ஒருபுறமாக இழுபட்டு மறுபுறம் தளரும். இந்தச் சூக்ஷ்மம் நம் வீட்டுப் பாட்டனாரைத் தினமும் பார்த்த பிள்ளைக்குச் சொல்லாமலே தெரியும். டோக்கியோவில் அமர்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே இந்தியக் கலைஞர்கள் வேட்டி உடுத்தும் விதத்தை அவர்களுக்கு விளக்கினார்கள். அவர்கள் மறுபடியும் வரைந்தார்கள்.

இன்னொரு காட்சி. பிள்ளைகள் பெரியோரிடம் ஆசி பெறவேண்டும். ஜப்பானியர் வணங்கும்போது இடைவரையில் வளைவார்கள், வணங்குபவருக்கும் வணங்கப்படுபவருக்கும் இடையே ஒரு மரியாதைத் தூரம் உண்டு, தொடுதல் இல்லை. நம் மரபிலோ தொடுதலே வணக்கத்தின் உயிர். குனிந்தவனுடைய கை பெரியவரின் பாதத்தைத் தொடுகிறது. பெரியவரின் கை அவன் தலையைத் தொடுகிறது. பாதத்திலிருந்து தலைக்கு ஓர் அன்பு வட்டமிட்டுப் பாய்கிறது. அந்தக் கை தலையில் எத்தனை கணம் தங்கவேண்டும், விரல்கள் விரிந்திருக்கவேண்டுமா, சேர்ந்திருக்கவேண்டுமா, எழும்போது முதலில் நிமிர்வது முகமா, தோளா என்பவையெல்லாம் சித்திரக்காரர் தீர்மானிக்கவேண்டிய விஷயங்கள். நடிகர் என்றால் பழக்கத்தால் தானே செய்துவிடுவார். சித்திரத்தில் பழக்கம் என்பதே கிடையாது. அறியாத ஒன்றை ஒரு கோடுகூட வரைய முடியாது. இதையும் இந்தியர் சொல்லிக் காட்ட, ஜப்பானியர் கற்றுக்கொண்டு வரைந்தார்கள்.

அன்பர்களே, நான் முதலில் சொன்ன கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பிறருடைய புனிதப் பொருளை எடுத்தாள்பவன் காட்டவேண்டிய மரியாதை, முகவுரையில் எழுதும் புகழுரையிலோ, பூஜை போட்டுத் தொடங்கும் சடங்கிலோ முடிந்துவிடுவதில்லை. வேட்டியின் மடிப்பு எப்படி விழுகிறது என்று கேட்டறிவதிலும், ஆசி கூறும் கை எங்கே தங்குகிறது என்று உற்று நோக்குவதிலும், தவறாக வரைந்த தாளைக் கிழித்துவிட்டு மறுபடி வரைவதிலும் அது இருக்கிறது. உற்று நோக்குதலே கலைஞனின் பக்தி.

இந்த பக்தி படம் முழுதும் விரவிக் கிடப்பதைக் காணலாம். விசுவாமித்திர முனிவர் பின்னே இளம் இராமலக்ஷ்மணர்கள் தாடகை வனம் புகுவதும், மிதிலையில் வில் முறிவதும், காடேகுவதும், மாயமான் துள்ளுவதும், சடாயு சிறகிழந்து வீழ்வதும், கடலில் அணை எழுவதும், கும்பகர்ணன் மலைபோல் எழுந்து வருவதும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வானரர்களை அவர் கோமாளிகளாக வரையவில்லை. குரங்கின் முகமும் வாலும் உண்டு; ஆனால் அந்த முகத்தில் யோசனையும் நட்பும் அச்சமும் தியாகமும் தெரிகின்றன. குரங்கு வந்தால் சிரிக்கவேண்டும் என்பது சலனச் சித்திர உலகில் பழகிப்போன வழக்கம். அதைக் கைவிட்டு அனுமனைச் சொல்லின் செல்வனாக, அறிவும் அடக்கமும் உடைய வீரனாகக் காட்டினார். இம்மலையின் கருமந்திகள் மரக்கிளையில் அமர்ந்து மாலை வெயிலை நோக்கும்போது அவற்றின் முகத்தில் ஒரு காம்பீரியம் தோன்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைக் கண்டவர்களுக்குச் சாகோவின் வானரர் அந்நியராகத் தோன்றமாட்டார்கள்.

காடும் மலையும் நீரும் வானமும் அவர் படத்தில் வெறும் பின்புலமாக நிற்கவில்லை. ஒளியும் நிழலும் பொழுதுக்குப் பொழுது மாறும்படி பாத்திரங்களுக்குச் சமமான சிரத்தையோடு தீட்டப்பட்டிருக்கின்றன. போர்க்களத்தில் ஆயிரமாயிரம் உருவங்கள் மோதும் ஆரவாரத்துக்கு நடுவே சட்டென்று ஒரு முகம் அசைவற்று நிற்கும். அந்த நிச்சலனத்தில் கதையின் துயரம் முழுதும் நம் நெஞ்சில் இறங்கிவிடுகிறது. இசையமைத்தவர் வன்ராஜ் பாட்டியா. படத்தின் பேச்சு முதலில் ஆங்கிலத்தில் அமைந்தபோதிலும் பாடல்களை ஸமஸ்கிருதத்திலேயே வைத்தார்கள். பொருள் உலகுக்கு விளங்கவேண்டும், ஒலி பிறந்த வீட்டின் ஒலியாகவே இருக்கவேண்டும் என்ற இந்த ஏற்பாட்டிலும் அதே மரியாதையைக் காண்கிறேன்.

அயலார் கைப்பட்டால் கதை மாறிப்போகாதோ என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு சமாதானம் சொல்லுகிறேன். வால்மீகியின் காவியத்தில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கிச் செல்லுகிறான். நம் கம்பநாடருக்கு அது பொறுக்கவில்லை. தேவியின் திருமேனியைத் தீண்டாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போனதாகத் தமிழில் பாடினார். ஒவ்வொரு நாட்டு மண்ணும் தன் நாகரிகத்துக்கு ஏற்ப இக்கதையை ஏந்திக்கொள்ளுகிறது. ஏந்தும் கை பணிவுடையதா என்பதொன்றே நாம் பார்க்கத்தக்கது.

படவேலையில் பெயர் வெளிப்படாத நூற்றுக்கணக்கானவர்களைப் பற்றியும் சொல்லாவிட்டால் நான் குற்றவாளியாவேன். தலைமைச் சித்திரக்காரர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைவார். இடைப்பட்ட நிலைகளை வேறு பலர் வரைந்து நிரப்புவார்கள். அவற்றை ஒளி ஊடுருவும் தாளில் எடுத்து, பின்புறத்திலிருந்து வண்ணம் தீட்டுபவர்கள் வேறு பலர். தீட்டிய தாளைப் பின்னணி ஓவியத்தின்மேல் வைத்துக் கட்டம் கட்டமாகப் படம் பிடிப்பவர்கள் வேறு சிலர். போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிடங்குகளில், குவித்த காயின்முன் வரிசையாக அமர்ந்து, நிறம் வெளுத்ததையும் வாய் பிளந்ததையும் விரல்நுனியால் ஒதுக்கிக் காய் பொறுக்கும் பெண்களை நான் பலமுறை பார்த்து நின்றிருக்கிறேன். ஒரு காய் தப்பினாலும் அந்தக் குவியலின் மதிப்பு ஏலத்தில் குறைந்துவிடும் என்று அவர்கள் அறிவார்கள். அவர்கள் பெயர் எந்த மூட்டையின்மேலும் எழுதப்படுவதில்லை. ஆனால் மணம் உலகெங்கும் போகிறது. ஒரு லட்சம் தாள்களுக்கு நிறம் தீட்டிய கைகளும் அத்தகையவை. ஒரு தாளில் இராமனின் மேனி நிறம் சிறிது மாறியிருந்தாலும் திரையில் அது படபடவென்று துடித்துக் காட்டிக் கொடுத்துவிடும்.

1993 ஜனவரியில், புதுதில்லியில் நடந்த இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதற்கு முந்தைய மாதத்தில்தான் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டு, நாடெங்கும் இரத்தம் சிந்தியிருந்தது. இராமன் பெயர் அச்சத்தோடு உச்சரிக்கப்பட்ட அந்த நாட்களில், அமைதியே வடிவான இந்தப் படத்துக்குத் திரையரங்குகளில் உரிய வரவேற்பு கிடைக்கவில்லை. பிறகு அது இந்தியில் பேசிற்று. தூரதர்ஷன் தொடரில் இராமனாக நடித்த அருண் கோவில் இராமனுக்குக் குரல் கொடுத்தார். அம்ரிஷ் புரி இராவணனுக்குக் குரல் கொடுத்தார். தொலைக்காட்சியின் வழியே நம் நாட்டுக் குழந்தைகள் அதைக் கண்டார்கள். மறுபடியும் மறுபடியும் கண்டார்கள். வளர்ந்த பின்னும் மறக்கவில்லை. பெரியவர்களின் சச்சரவில் கவனிப்பாரற்று நின்ற படத்தைக் குழந்தைகளே காப்பாற்றினார்கள் என்று சொல்லுவது மிகையாகாது.

ராம் மோகனுக்கு 2014-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019-இல் அவர் மறைந்தார். சாகோ 2012-லேயே மறைந்துவிட்டார். படம் புதுப்பிக்கப்பட்டு 2025 ஜனவரி 24 அன்று நாடெங்கும் திரைக்கு வந்தபோது, அது தமிழிலும் பேசிற்று. கம்பன் பாடிய மொழியில் தம் இராமன் பேசியதைக் கேட்க அந்த இருவரும் இல்லை.

மாணவச் செல்வங்களே, முடிவாக உங்களிடம் ஒன்று வேண்டிக்கொள்ளுகிறேன். உங்கள் கையில் இருக்கும் பேசியில் ஜப்பானியச் சித்திரங்கள் நாள்தோறும் ஓடுகின்றன. அவற்றைப் பார்த்து அதேபோல் பெரிய கண்ணும் கூரிய மோவாயுமாக நீங்கள் வரைவதையும் நான் கண்டிருக்கிறேன். வரைவது நல்லதே. ஆனால் சாகோ உங்களுக்குக் கற்றுத் தருவது ஜப்பானியர்போல் வரைவதை அன்று. அவர் நம் வேட்டியின் மடிப்பைக் கற்க முயன்றதுபோல், உங்கள் கண்முன் இருப்பதை நீங்கள் கற்கவேண்டும் என்பதையே. ஏலச்செடியின் அடியில் பூ எப்படித் தரையோடு தவழ்கிறது, கூடை சுமந்து இறங்கும் அம்மாவின் கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, கொட்டகுடி ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது கல்லைச் சுற்றி நீர் எப்படி வளைகிறது என்பதையெல்லாம் அறிந்து வரைய உலகத்தில் உங்களைவிடத் தகுதியுள்ளவர்கள் யார்?

நாளைக் காலையில் சோலைப் பக்கம் போங்கள். மரத்தில் ஒரு மந்தி உட்கார்ந்திருக்கும். உடனே வரையத் தொடங்கிவிடாதீர்கள். பத்து நாள் அதைப் பாருங்கள். பதினோராவது நாள் பென்சிலை எடுங்கள்.